நெடுந்தீவில் மூன்று பேருக்கு மத்தியானச் சாப்பாடு

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதினால் விலை, தூரம், பஸ் நேரம் இவற்றோடு இன்னொன்றையும் எழுதுவேன்: அங்கே போனால் எவ்வளவு கதைக்க வேண்டும் என்பதை. எனக்குக் கடைகளில் வாய் வராது. யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் குடிக்கப் போனால் அக்காதான் "தங்கச்சிக்கும் ஒண்டு" என்று சொல்லுவாள். கண்ணாடிக்குள் இருப்பதை விரலால் காட்டி வாங்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பேக்கரியைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொக்குவிலில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். மெசினுக்கு முன்னால் இருந்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எழுதும்போதும் அப்படித்தான்.

இந்த முறை நெடுந்தீவு. மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை போனோம். வெள்ளி, செவ்வாய் என்றால் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. மச்சம் சாப்பிடாமல் நெடுந்தீவுக்குப் போவதில் அர்த்தமும் இல்லை. சோளகக் காற்று தொடங்கினால் கடல் குழம்பும். மாசி, பங்குனி நல்லது.

போனதற்கு உண்மையான காரணம் சுற்றுலா இல்லை. அக்கா தர்சிக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே தபால் கந்தோரில் வேலை. பெயர் சுதன். சாதகம் பொருந்திவிட்டது. படங்களும் கைமாறிவிட்டன. தாய் மட்டும்தான், வீட்டோடு இருக்கிறார் என்று கலியாணப் புரோக்கர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடல் கடந்து பெட்டையைக் குடுக்கிறதோ, அங்கே என்ன கிடைக்கும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்ன மாதிரி என்று ஒரு கிழமையாக ஒரே யோசனை. கடைசியில், ஆருக்கும் சொல்லாமல், ஊர் பார்க்கப் போகிற ஆட்கள் மாதிரிப் போய் ஒருக்கா கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்களை அனுப்பினார். அக்காவும் நானும், துணைக்கு அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா.

அக்கா அந்தச் சம்பந்தத்தைப் பற்றி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் அம்மாவின் அலுமாரியிலிருந்து எங்கள் அறை அலுமாரிக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

புறப்படும்போது அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அண்ணை, அந்த வீட்டு ஆக்களைக் கண்டாலும் கதைச்சிட்டு வாங்கோ. கை மட்டும் நனைக்கக் கூடாது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்தில், சம்பந்தம் பேசி முற்றாகும் வரைக்கும் மற்றவர் வீட்டில் சோறு சாப்பிட மாட்டோம். தேத்தண்ணி குடிக்கலாம், வாழைப்பழம் சாப்பிடலாம். சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு "யோசிச்சுச் சொல்லுறம்" என்று சொல்ல முடியாது. இந்த விசயத்தில் பெரிய மாமா சரியான கண்டிப்பு. ஒருமுறை மருதனார்மடத்தில் ஒரு பேச்சுக்குப் போய், அந்த வீட்டில் வலுக்கட்டாயமாக இலை போட்டதால், வயிற்றுவலி என்று சொல்லித் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தவர்.

ஆகவே அம்மா ஒரு பையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் முட்டையும் கட்டித் தந்தார். அந்தப் பையை மாமா வாங்கிக்கொண்டார்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் காலை ஆறு நாற்பதுக்கு எடுத்தது. ஒருவருக்கு நூற்றியெழுபது ரூபா. வலது பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், முழங்கால் ஆழம்தான் இருக்கும், அதற்குள் மீன் பிடிக்கக் கட்டிய தடி வேலிகள் வளைந்து வளைந்து போகும். வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து எட்டு மணிக்குச் சற்றுப் பிந்தி இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் மாமா பிழை விட்டார். படகுக்கு வரிசை நீள்வதைக் கண்டதும் "ஓடி வாங்கோ பிள்ளையள்" என்று குடையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தார்.

படகுக்கு ஒருவருக்கு இருநூறு ரூபா. மிதவைச் சட்டை தருவார்கள், கட்டாயம் போட வேண்டும். கீழே இருந்தால் டீசல் மணம், மேலே இருந்தால் வெயில். நாங்கள் மேலே இருந்தோம். காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை, ஒரு பெட்டி நிறையக் கோழிக்குஞ்சு, ஒரு புதுக் கதவு எல்லாம் எங்களோடு வந்தன. கதவுக்குச் சொந்தக்காரர் அதில் சாய்ந்து நித்திரை கொண்டார். பயணம் ஒரு மணி நேரம். அக்கா காலையில் மினக்கெட்டுப் பின்னிய தலைமயிர் பத்து நிமிடத்தில் கலைந்துவிட்டது. முகமெல்லாம் உப்பு. அவள் அதைத் துடைக்கவே இல்லை. கரை தெரியத் தொடங்கியதும் எழும்பி நின்று பார்த்தாள்.

நெடுந்தீவுத் துறையில் ஓட்டோக்கள் நிற்கும். ஊரைச் சுற்றிக் காட்டி, திரும்பத் துறையில் கொண்டுவந்து விட நாலாயிரம் கேட்டார்கள். மாமா மூவாயிரத்தைந்நூறுக்கு இறக்கினார். ஓட்டோக்காரரின் பெயர் ரூபன். ஏறினவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஐயா, மத்தியானச் சாப்பாடு ஆருக்கும் சொல்லிப்போட்டியளோ?"

"சாப்பாடு எங்கடை கையிலை இருக்கு தம்பி" என்றார் மாமா. பிறகு தன் கையைப் பார்த்தார். கையில் குடை இருந்தது.

"பை எங்கை பிள்ளையள்?"

"நீங்கள்தானே மாமா வைச்சிருந்தனீங்கள்" என்றாள் அக்கா.

"நான்... பஸ்ஸிலை... மேல் தட்டிலை..."

ரூபன் அண்ணை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அது இப்ப திரும்ப யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும் ஐயா. கொண்டக்டர் பசியாறியிருப்பார்."

"முட்டையும் கிடந்தது" என்றார் மாமா, ஒரு சாவு வீட்டில் சொல்வது போல.

இனி நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் நெடுந்தீவில் சாப்பிட நினைக்கிற எல்லோரும் விடுகிற பிழை இதுதான். ஒரு மணிக்குக் கடைக்குள் நுழைந்து "சோறு இருக்கோ" என்று கேட்டால் இருக்காது. காலைப் படகில் வந்து இறங்கியவுடனே இத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன ஆட்களுக்கு மட்டும்தான் உலை வைப்பார்கள். மீனும் அந்த நேரத்தில்தான் கரைக்கு வரும், ஆட்களை எண்ணித்தான் வாங்குவார்கள்.

ரூபன் அண்ணை ஓட்டோவை ஓரமாக நிறுத்திப் போன் எடுத்தார். சத்தமாகப் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மலரக்கா, மூண்டு சாப்பாடு. ஒரு ஐயா, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். கொக்குவில் ஆக்கள்."

"கொக்குவிலோ?" என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் பொறுத்து, "மீன்தானே? சரி. பன்ரெண்டரைக்குக் கூட்டிக்கொண்டு வா" என்றது.

பிறகு ஊர் பார்த்தோம். நெடுந்தீவில் மதில்கள் எல்லாம் கடலிலிருந்து எடுத்த பவளக் கல். சீமெந்து இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லில் பூ, நட்சத்திரம் மாதிரி அச்சுகள் தெரியும். தையல் வேலை செய்கிறவள் என்பதால் நான் ஒவ்வொரு மதிலிலும் நின்று அந்த வடிவுகளைப் போனில் பிடித்தேன். ஆனைக்கால் மாதிரிப் பருத்த பெருக்குமரத்தின் பொந்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மாமா பாதி போய், வயிறு தடுத்துத் திரும்பி வந்தார். வெட்டையில் குதிரைகள் மேய்ந்தன. ஒரு குட்டிக் குதிரை அக்காவின் துப்பட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. பழைய கோட்டைச் சுவரில் ஏற வேண்டாம், கல் கழலும்.

கோட்டையிலிருந்து வரும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தது போல, "இஞ்சை தபால் கந்தோர் எங்கை இருக்கு?" என்று கேட்டாள். மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"ஸ்ராம்ப் வேணுமோ தங்கச்சி?"

"இல்லை. சும்மா பாக்க."

"பாக்கவோ?" ரூபன் அண்ணை கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இருவது வரியமா ஓட்டோ ஓடுறன். தபால் கந்தோர் பாக்க வந்த முதல் ஆக்கள் நீங்கள்தான்."

ஆனாலும் கொண்டுபோய்க் காட்டினார். சின்னக் கட்டடம், சிவப்புப் பெட்டி, வாசலில் ஒரு வேப்பமரம். கதவு சாத்தியிருந்தது. அக்கா இறங்கவில்லை. ஓட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை இறங்குதுறையிலிருந்து ஒரு கிலோமீற்றர் இருக்கும். பெயர்ப் பலகை கிடையாது. மதிலில் ஒரு கறுப்புப் பலகை, அதில் "சாப்பாடு உண்டு" என்று வெண்கட்டியால் எழுதியிருக்கும். அதன் கீழே விலை: மீன் சோறு அறுநூறு, நண்டுச் சோறு ஆயிரத்திருநூறு. வீட்டின் முன் விறாந்தையில் மூன்று மேசை, பிளாஸ்ரிக் கதிரைகள், கை கழுவ ஒரு தொட்டி. மலர் அன்ரி என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அம்மா வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கை துடைத்துக்கொண்டே அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கோ, இருங்கோ. கடல் கரைச்சல் குடுத்ததோ?"

"இல்லை, நல்ல கடல்" என்றார் மாமா.

"கொக்குவிலிலை எந்தப் பக்கம்?"

மாமா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் எப்படியும் வாய் திறந்திருக்க மாட்டேன்; அவர் மிதித்தது வீண். "ரயில் பாதைப் பக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். கொக்குவிலில் பாதிப் பேர் ரயில் பாதைப் பக்கம்தான்.

முதலில் சிவப்பரிசிச் சோறு வந்தது, ஆவி பறக்க. பாரை மீன் குழம்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, வெங்காயச் சம்பல், பொரித்த மிளகாய், ஒரு கிண்ணத்தில் மீன் சொதி. எங்கள் வீட்டுக் குழம்பைவிட உறைப்புக் கூட, புளி குறைவு. மீன் அன்றைக்குக் காலையில் நீந்திய மீன் என்பது முதல் வாயிலேயே தெரியும்: விரல் பட்டால் பெரிய பெரிய இதழாகப் பிரியும், மணமே இருக்காது. மாமா முதல் கவளத்துக்குப் பிறகு கண்ணை மூடினார். இரண்டாவது கவளத்துக்குப் பிறகு, "பையை விட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

மலர் அன்ரி சொதி ஊற்றிக்கொண்டே அக்காவிடம் கேட்டார். "பிள்ளை வேலை செய்யிறீரோ?"

"ஓம் அன்ரி. பாமசியிலை மருந்து குடுக்கிறன்."

உள்ளே திரும்பிப் போனவரின் கையிலிருந்து ஒரு மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டியோடு வந்தார். நண்டுக் கறி. கறுப்பாக வறுத்த தூளில் குழம்பு, மேலே முருங்கையிலை கிள்ளிப் போட்டு.

"நாங்கள் மீன்தானே சொன்னது?" என்றார் மாமா.

"நண்டும் கிடந்தது. சாப்பிடுங்கோ."

"இந்தத் தீவுச் சனம் நல்ல சனமடி" என்று மாமா எங்களுக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டார். நண்டுக்கால் உடைக்கிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கும் இன்னும் சோறு வேண்டும் போல இருந்தது. அன்ரி அகப்பையோடு வந்து "பிள்ளைக்கு?" என்று கேட்டபோது, என் கை தானாகவே போய்த் தட்டை மூடிக்கொண்டது. கூச்சப்படுகிற ஆட்களுக்கு இது விளங்கும். வயிறு ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும்.

அந்த நேரம் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கி நிறத் தோள்பையைக் கொழுவிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். தொட்டியில் கை கழுவினார். பக்கத்து மேசையில், இது தன் கதிரை என்பது போல அமர்ந்தார். தானே சோற்றைப் போட்டுக் குழைத்து, ஒரு கவளத்தை வாயில் வைத்து, நிமிர்ந்தார். அக்காவைக் கண்டார்.

புரைக்கேறிவிட்டது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் நிற்கவில்லை.

மாமாதான் எட்டித் தன் தண்ணீர்க் கிளாசை நீட்டினார். "குடியும் தம்பி, குடியும். ஆரோ நினைக்கினம் போலை கிடக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எங்கள் அறை அலுமாரியில் இருக்கிற அதே முகம். படத்தில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், இங்கே நெற்றியில் சைக்கிள் வேர்வை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. விரலிலிருந்து நண்டுக் குழம்பு மணிக்கட்டுக்கு வடிந்து, முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது..." என்றார்.

"என்ரை மகன் சுதன்" என்றார் மலர் அன்ரி. "போனிலை கொக்குவில் எண்டதும் ஒரு ஐமிச்சம். பாமசி எண்டதும் தெரிஞ்சிட்டுது. படத்திலை பட்டுச் சேலையும் பூவுமா இருந்த பிள்ளை, கடல் காத்து அடிச்சு வேறை ஆளா நிக்கிறா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் எழும்பிப் போயிருப்பியள். பசியோடை வந்த ஆக்கள்."

"தாய் வீட்டோடை இருக்கிறா எண்டுதானே புரோக்கர் சொன்னவர்?"

"நான் வீட்டோடைதான் இருக்கிறன். கடையும் வீட்டோடைதான் இருக்கு." அன்ரி அகப்பையை மேசையில் வைத்தார். "சாப்பாட்டுக் கடை எண்டு சொன்னால் யாழ்ப்பாணத்து ஆக்கள் யோசிப்பினம் எண்டு அவர்தான் மறைச்சவர். நான் மறைக்கச் சொல்லேல்லை. இவன்ரை அப்பா போனாப்பிறகு இந்த அடுப்புத்தான் இவனைப் படிப்பிச்சது. உங்களுக்கு ஒத்துவரேல்லை எண்டால் அந்தா தொட்டி, கையைக் கழுவிப்போட்டுப் போங்கோ. கடைச் சாப்பாடு, காசைத் தந்தால் முடிஞ்சுது. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அகப்பையை விட்ட கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாமா எழும்பினார். முழுதாக இல்லை, பாதி. தொட்டியைப் பார்த்தார், நண்டுச் சட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவருக்குள் அம்மாவின் குரல் ஓடியிருக்கும். சுதன் இருமலை அடக்கிக்கொண்டு தன் சோற்றைப் பார்த்தபடி இருந்தார். அக்கா தலை நிமிரவில்லை. கலியாணம் பேசுகிற பெண் அந்த இடத்தில் என்னவென்று வாய் திறப்பாள்?

ஆனால் நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் வீட்டில் விருந்தாட்கள் வந்து சோறு மட்டுமட்டாக இருக்கும் நாளில், அக்காவுக்கு இன்னும் வேண்டும் என்றால் கேட்க மாட்டாள். தட்டை முழங்கையால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவாள். எனக்கு மட்டும்தான் அது தெரியும். இப்போது அவளுடைய முழங்கை அசைந்தது. தட்டு ஒரு விரற்கடை முன்னால் போனது. அதில் சோறு ஒன்றும் இல்லை.

என் காது சுட்டது. நெஞ்சு, பழைய தையல் மெசின் மாதிரி அடித்தது.

"அன்ரி" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். காலையிலிருந்து நான் கதைத்து யாரும் கேட்கவில்லை. சுவரில் ஓடிய பல்லிகூடத் திரும்பியிருக்கும்.

"அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

மலர் அன்ரி அக்காவைப் பார்த்தார். மாமா பாதி எழும்பியபடியே நின்றார். அக்கா தட்டைப் பார்த்தபடி, மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் போட்டால் காணும் அன்ரி."

சுதனுக்கு இரண்டாம் தரமும் புரைக்கேறியது.

அன்ரி அகப்பையை எடுத்தார். கொஞ்சம் இல்லை, ஒரு மலையே போட்டார். மாமா மெல்ல இறங்கித் திரும்பக் கதிரையில் இருந்தார். சட்டியை எட்டிப் பார்த்து, "அந்தச் சட்டியிலை அடிக்குழம்பு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்ரி சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார், மிளகாய்க் கை என்பதை மறந்து. பிறகு கண் எரிந்து தொட்டிக்கு ஓடினார்.

தயிரும் பனங்கட்டியும் வந்தபோதுதான் சுதன் முதல் தடவையாக அக்காவோடு கதைத்தார்.

"ஊரெல்லாம் பாத்தியளோ?"

"ஓம். குதிரை, கோட்டை, எல்லாம். தபால் கந்தோர்தான் பூட்டிக் கிடந்தது."

"தபால் கந்தோரோ?" அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "நான்... கடிதம் குடுக்கப் போயிட்டன்."

"பரவாயில்லை. வெளியிலை இருந்து வடிவா இருந்தது" என்றாள் அக்கா.

நெடுந்தீவுத் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுக்கமாக இருக்கும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துச் சாப்பிட வேண்டும். அந்தத் தயிருக்கு நான் கையால் தட்டை மூடவில்லை.

புறப்படும்போது மாமா பணத்தை எடுத்தார். அன்ரி மூன்று மீன் சோற்றுக்கான ஆயிரத்தெண்ணூறை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை மாமா நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார்.

"முதல் போட்டது கடைச் சோறு, அதுக்குக் காசு எடுத்திட்டன். பிள்ளை கேட்டுப் போட்டது வீட்டுச் சோறு."

ரூபன் அண்ணை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துறைக்குப் போகும் வழி முழுவதும் "தபால் கந்தோர், தபால் கந்தோர்" என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திரும்பும் படகு இரண்டரைக்கு. சுதன் சைக்கிளில் பின்னால் வந்து, துறையில் கொஞ்சம் தள்ளி நின்றார். படகு தூரம் போகும்வரை போகவில்லை.

படகு எடுப்பதற்கு முன்பே மாமா அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கை நனைச்சிட்டம்."

"எந்தக் கை? என்ன சொல்லுறியள் அண்ணை?"

"முழங்கை வரைக்கும் நனைச்சிட்டம்." பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். சாப்பாட்டுக் கடை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அக்கா மிதவைச் சட்டையின் நாடாவை முடிந்து முடிந்து அவிழ்த்தாள். கடைசியில் அம்மா கேட்டது எங்களுக்கும் கேட்டது:

"கறி எப்பிடி?"

"எங்கடை அம்மா வைச்ச மாதிரி இல்லை" என்றார் மாமா. "அதைவிட நல்லம். தர்சி நல்லாச் சாப்பிட்டவள்."

"அவள் நல்லாச் சாப்பிட்டவளோ?" என்றார் அம்மா. "அப்ப சரி."

கலியாணம் ஆவணியில். கலியாண வீட்டில் சைவச் சாப்பாடுதான், நண்டுக் கறி போட ஏலாது என்பதில் மாமாவுக்கு மட்டும் கவலை. இப்போதெல்லாம் கலியாணத்துக்கு அடுத்த நாளே நடத்துகிற நாலாம் சடங்கு விருந்துக்கு மலர் அன்ரி தானே படகில் நண்டு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு என் புத்திமதி. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், அங்கே நல்ல தண்ணீருக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு. தொப்பி வேண்டும், குடை காற்றுக்கு நிற்காது. படகு நேரமும் கட்டணமும் மாறும், முதல் நாளே விசாரியுங்கள். இரண்டரைப் படகை விட்டால் தங்க வேண்டி வரும். சாப்பாட்டுப் பையைப் பஸ்ஸின் மேல் தட்டில் வைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், பரவாயில்லை. துறையில் இறங்கியதும் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்று சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

வழக்கம் போல, எவ்வளவு கதைக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டுமே. ஓட்டோக்காரரோடு விலை பேசவும், சாப்பாடு சொல்லவும், திரும்பும் படகு எப்போது என்று கேட்கவும் வாய் திறக்க வேண்டும். அது எல்லாவற்றையும் மாமா பார்த்துக்கொண்டார். நான் அன்றைக்கு முழுவதும் ஒரே ஒரு வசனம்தான் கதைத்தேன். போன ஞாயிறு ஐஸ்கிறீம் கடையில் அக்கா என்னைப் பார்த்து, "நீ சொல்லடி, உன்ரை வாய்க்கு நல்ல ராசி" என்றாள். சொன்னேன். அவளுக்கும் சேர்த்து.